இடுப்புக்கு மேலே, கழுத்துக்குக் கீழே

"நல்லாத்தான் வாசிக்கா. எங்க இருந்து வாசிக்கான்னுதான் தெரியல" என்று குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மா பக்கத்தில் நின்ற இன்னோர் அம்மாவிடம் சொன்னது, பேஸ் கிட்டாரை முதுகில் சுமந்துகொண்டு தேவாலயத்தின் பின்வாசல் வழியாக நுழைந்த கெசியாவின் காதில் விழுந்தது. சொன்னவருக்கு அவள் பின்னால் போவது தெரியாது. தெரிந்திருந்தால், "ஏ பிள்ள, உன்னயத்தான் பேசிட்டிருக்கோம்" என்று சிரித்திருப்பார், இவளும் சிரித்துவைத்திருப்பாள், அதோடு போயிருக்கும். இப்போது அது குளித்தபின் காதில் தங்கும் தண்ணீர் மாதிரி உள்ளேயே நின்றுவிட்டது. அந்த அம்மா சொன்னதில் பொய்யும் இல்லை. பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்க ஆரம்பித்த இந்த எட்டு மாதமும் கெசியா உட்கார்ந்திருப்பது பீடத்துக்கு வலப்பக்கம், தூணுக்குப் பின்னால் போட்ட நாற்காலியில். அங்கிருந்து பார்த்தால் குழுவை நடத்தும் துரைசிங் சாரின் வலது கை மட்டும் தெரியும். கை அசைந்தால் வாசிப்பாள், மடங்கினால் நிறுத்துவாள். பாளையங்கோட்டையில் அந்தச் சபைக்கு அவள் ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த ஏற்பாட்டில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. மழைக்காலத்தில் கூரை ஒழுகுவதுகூட தூணுக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் இன்றைக்கு வருடாந்தரப் பாடல் மாலை. பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் எல்லோரும் முன்னால் நிற்க வேண்டும், டிரம்ஸ்காரர் ஒருவருக்கு மட்டும் விலக்கு. துரைசிங் சார் வங்கியில் வேலை பார்ப்பவர், எதற்கும் ஒரு கடைசி நேரம் குறிப்பார். "நின்னு வாசிக்கியா, இல்ல அபினேஷ வாசிக்கச் சொல்லட்டுமா? அவன் பெங்களூர்ல இருந்து வந்திருக்கான். ரெண்டாம் மணி அடிக்கதுக்குள்ள சொல்லிரு" என்று காலையில் போனில் கேட்டார். கோபமெல்லாம் இல்லை. பந்தியில் சாம்பாரா ரசமா என்று கேட்கிற குரல்தான். கெசியா "சரி சார்" என்றாள். எதற்குச் சரி என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

கோபுரத்தில் முதல் மணி அடித்தாயிற்று. பாடல் மாலை தொடங்கும் இரண்டாம் மணிக்கு இன்னும் அரை மணி நேரம். போதகர் அங்கி மாற்றும் அறையில் யாரும் இல்லை. மெழுகுவத்தி வாசனையும் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளின் பூச்சியுருண்டை வாசனையும் சேர்ந்து, யாரோ பெட்டிக்குள் பிறந்தநாள் கொண்டாடியதுபோல இருந்தது. முகம் பார்க்க ஒரு கண்ணாடி உண்டு, ஆனால் அது போதகர் தன் கழுத்துப்பட்டையைச் சரிபார்க்கும் உயரத்தில் மாட்டியது. அதில் கெசியாவின் நெற்றியும் மூக்குக்கண்ணாடியும் மட்டும் தெரிந்தன. பதிவேடுகள் அடுக்கிய அலமாரியின் கண்ணாடிக் கதவில் முழு உருவமும் தெரிந்தது, என்ன, வயிற்றுக்குள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்று என்று எழுதிய புத்தகம் ஒன்று நின்றது. பரவாயில்லை. உறையைப் பிரித்து, கிட்டாரை எடுத்து, பெல்ட்டை இடது தோளில் மாட்டி, பிடித்த கையை விட்டாள். கிட்டார் கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது. முழங்காலுக்கு ஒரு சாண் மேலே வந்தபிறகுதான் நின்றது. இவளுக்கு முன்னால் இதை வாசித்த அபினேஷ் ஆறடி, இவள் ஐந்தடி ஓரங்குலம். பெல்ட்டும் அவனுடையதுதான். கடையில் விற்பது நீளம் போதவில்லை என்று சந்தையில் பை தைக்கிறவரிடம் கொடுத்து, பள்ளிக்கூடப் பை வாரில் தைத்து வாங்கியது. ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கிறது, நுனியைப் பிடித்து இழுத்தால் ஏறும், நிமிர்த்தினால் இறங்கும், குழந்தைக்குக்கூடத் தெரியும். எட்டு மாதத்தில் கெசியா கம்பி நான்கையும் மாற்றியிருக்கிறாள், திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டிருக்கிறாள், பழைய பனியன் துணியால் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கியிருக்கிறாள். அந்தக் கொக்கியை மட்டும் தொட்டதில்லை. வேலை கிடைத்து பெங்களூருக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை அபினேஷ் கிட்டாரை அவள் கையில் கொடுத்து, "பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனான். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போகும்போது சாவியைக் கொடுத்துச் சொல்வார்களே, அப்படி. போய் விளக்கைப் போடலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், சோபாவை நகர்த்திப் போட முடியுமா? அதிலும் அவள் அந்தச் சாவியை வாங்கிய விதமே சரியில்லை. இனி பேஸ் கிட்டாருக்கு யார் என்று சார் கேட்டபோது எல்லோரும் பாட்டுப்புத்தகத்தைப் பார்த்தார்கள். கெசியா இறங்கிய மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிடக் கையைத் தூக்கினாள். "அப்ப கெசியா" என்றார் சார். கண்ணாடி தானாக இறங்கியதா, இவள் தலையைக் குனிந்து இறக்கினாளா என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும்.

முழங்கால் உயரத்தில் கிட்டார் எப்படி இருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். அபினேஷ் கால்களை அகட்டி, ஒரு தோளைச் சாய்த்து நிற்பான். கிட்டாரை மாட்டியிருப்பதையே மறந்துவிட்டவன் மாதிரி இருக்கும், விரல் மட்டும் கீழே எங்கேயோ தன்போக்கில் ஓடும். வாலிபர் கூட்டத்துப் பெண்களெல்லாம் பார்ப்பார்கள், கெசியாவும் பார்த்திருக்கிறாள், ஆனால் அவள் பார்த்தது விரலை. அப்படித்தான் அவளுக்கு அவளே சொல்லிக்கொள்வது. இப்போது அலமாரிக் கண்ணாடியில் பார்த்தால், கால்களை அகட்டப் புடவை விடவில்லை, கேஸ் சிலிண்டரை மாடிப்படியில் இறக்குகிறவள் போல முதுகு முன்னால் வளைந்திருந்தது. சரி, தோற்றம் கிடக்கட்டும். நான்காவது பாட்டில் ஓர் இடம் வருகிறது, அங்கேதான் எல்லாம். பாட்டு, கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் நின்றுவிடும், பேஸ் மட்டும் நான்கு சுற்று தனியாகப் போக வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டுதான் பெண்கள் மறுபடி பாட்டுக்குள் வருவார்கள். நான்கு சுற்று என்பது பதினாறு அடி, மொத்தம் பத்து விநாடி இருக்குமா? அந்தப் பத்து விநாடியில் நானூறு பேருக்கு இவளைத் தவிரக் கேட்க வேறு ஒன்றும் இருக்காது. வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து நூறு தடவை வாசித்தாயிற்று, நூறு தடவையும் வந்தது. இப்போது நின்றுகொண்டு, சத்தம் கூட்டும் ஆம்ப் இல்லாமல் வெறுமனே வாசித்துப் பார்த்தாள். முதல் சுற்று போனது. இரண்டாவதில் சுண்டுவிரல் நீண்டு போய் ஒரு கம்பியை அமுக்க வேண்டும், மணிக்கட்டு வாத்துக் கழுத்தாக வளைந்து நின்றதில் விரல் அரை அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டது. டும் என்று வர வேண்டியது டப் என்றது. மறுபடி. டப். விரல் சின்னப் பிள்ளை மாதிரி அடம்பிடித்தது, வீட்டில் செய்வேன், வெளியில் செய்யமாட்டேன்.

ஆக, கொக்கி. யாரும் வருகிறார்களா என்று கதவைப் பார்த்துவிட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒரு நொடி பிடிவாதமாக நின்று, பிறகு சரசரவென்று ஏறியது, அந்தச் சத்தத்துக்கு, அலமாரியைத் திறந்து பதிவேட்டில் பெயர் திருத்தியவள்போல, மறுபடி கதவைப் பார்த்தாள். இடுப்பு உயரம். இடுப்பு நல்ல இடம். அக்காவின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தோசை சுட்டிருக்கிறாள், கிட்டார் அந்தப் பிள்ளையைவிடக் கனம் குறைவு, உதைக்கவும் உதைக்காது. ஆனால் இடுப்பில் வேறொருவர் ஏற்கெனவே குடியிருக்கிறாரே. குழுவுக்கு இந்த வருடம் எடுத்திருப்பது மெரூன் கலர் சில்க் காட்டன், புதுசு, கஞ்சி போகாதது. கொசுவத்தைச் செருகியிருக்கும் அதே இடத்தில் கிட்டாரின் அடிவிளிம்பு வந்து முட்டியது. ஒவ்வோர் அடிக்கும் உடம்பு லேசாக அசையும், அசையும்போதெல்லாம் மரம் கொசுவத்தை ஒரு நூல் கீழே தள்ளும், ஒரு பாட்டுக்கு எத்தனை அடி, ஏழு பாட்டுக்கு எத்தனை? பௌதிகம் படித்தவள், கணக்குப் போட்டுவிட்டாள். ஐந்தாவது பாட்டின் இரண்டாம் சரணத்தில், கைகள் இரண்டும் கிட்டாரில் இருக்க, கொசுவம் மொத்தமும் காலடியில் மெரூன் குட்டையாக விழும். துரைசிங் சாரின் கை அசைந்துகொண்டே இருக்கும். அவள் வாசித்துக்கொண்டே இருப்பாளா, குனிவாளா? வாசித்துக்கொண்டே இருப்பாள் என்று தோன்றியது, அதுதான் பயமே. ஆண்பிள்ளைகள் நின்று வாசிக்கும் படங்களைப் பார்த்து பெல்ட் உயரம் சொல்கிறவர்கள் யாரும் கொசுவத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

யோசித்துப் பார்த்தால் எந்தப் பொருள்தான் அவள் அளவுக்கு இருந்தது? பள்ளிக்கூடப் பை, "வளர்ற பிள்ள" என்று அம்மா வாரை நீளமாக விட்டுத் தொடையில் இடித்தது. சீருடைப் பாவாடை, ஷூ, எல்லாமே வருங்காலத்துக் கெசியா ஒருத்திக்காக வாங்கியவை, அவள் வரவேயில்லை, ஐந்தடி ஓரங்குலத்தில் நின்றுவிட்டாள். கல்லூரி இருட்டறையில், விளக்கொளியை நிறக் கோடுகளாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தது. அதில் முதல் வேலை, குழலின் கண்ணாடியை அவரவர் கண்ணுக்கு ஏற்றமாதிரி திருகிக்கொள்வது. செய்முறைப் புத்தகத்தில் முதல் வரியே அதுதான். இவளுக்கு முன்னால் செய்த பெண் அழகாகத் திருகி வைத்துவிட்டுப் போயிருந்தாள், அதைக் கலைப்பானேன் என்று கெசியா அப்படியே கண்ணை வைத்தாள். அந்தப் பெண்ணின் கண் வேறு, இவள் கண் வேறு. மஞ்சள் கோடு இரண்டும் பஞ்சுமிட்டாய் மாதிரி தெரிந்தன, இருந்தும் அளவு எடுத்தாள், டிகிரி, நிமிடம் எல்லாம் சுத்தமாக எழுதினாள், உலகத்தில் எந்தப் பொருளுக்கும் இல்லாத ஒரு விடை வந்தது. "எதைம்மா பாத்து எழுதின?" என்று கேட்ட மேடம் பிறகு தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். கெசியாவும் சிரித்தாள். இப்போது நினைத்தாலும் சிரிப்புத்தான் வருகிறது. அடுத்தவர் கண்ணால் பார்த்து, ஒரு திருகு திருக வெட்கப்பட்டு, எவ்வளவு ஒழுங்காகத் தப்பு செய்திருக்கிறாள்.

அந்தச் சிரிப்பு வேகத்தில் பெல்ட்டைப் பிடித்து ஒரேயடியாக இழுத்ததில் கிட்டார் நெஞ்சுக்கு வந்து தாடையில் இடித்தது. அடையாள அட்டையைப் பலகையில் செய்து மாட்டியதுபோல இருந்தாள். வலது முழங்கை, கக்கத்தில் கோழியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களைப்போலப் பக்கவாட்டில் தூக்கி நின்றது. அப்போதுதான் பியூலா அக்கா உள்ளே வந்தாள். குழுவில் இரண்டாம் குரல் பாடுகிறவள், எல்லோர் புடவைக்கும் பின் குத்திவிடுகிற பொறுப்பும் அவளுடையது, கையில் பின் டப்பாவும் கத்தரிக்கோலுமாக அலைவாள். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "என்ன பிள்ள, மாலைய நீயே போட்டுக்கிட்ட?" என்று கேட்டாள். பிறகு கெசியாவின் ரவிக்கை ஓரத்தில் தொங்கிய நூலை வெட்டி, பெல்ட்டுக்கு அடியில் முந்தானையை மடித்துத் தோளில் இரண்டு பின் கூடுதலாகக் குத்தினாள். அபினேஷ் வெளியில்தான் நிற்கிறான், எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டிருக்கிறார்கள், முடி கொட்டிவிட்டது, ஆனால் அழகு போகவில்லை என்று சேதி சொன்னாள். இவள் ஒன்றும் கேட்காமலேயே, அவன் கிட்டார் வாசித்து எட்டு மாதமாயிற்றாம், கை ஊறுகிறதாம் என்றும் சொன்னாள். கத்தரிக்கோலை மேசையிலேயே மறந்து வைத்துவிட்டு, யாரோ கூப்பிட்ட திசையில் போய்விட்டாள்.

கை ஊறுகிறதாம். ஊறட்டும், ஊறாதா பின்னே? அவனிடமே கொடுத்துவிட்டால் என்ன, ஓர் இரவு, ஏழு பாட்டு, யாருக்கும் நஷ்டமில்லை, சார் நிம்மதியாக இருப்பார், குழாயடி அம்மாக்களுக்கு யார் எங்கிருந்து வாசிக்கிறார்கள் என்ற சந்தேகமே வராது. அடுத்த ஞாயிறு இவள் தூணுக்குப் பின்னால் போய்விடலாம். தூண் எங்கே போகப்போகிறது. ஆனால் அந்த நான்கு சுற்று. அதில் இரண்டாவது சுற்றின் கடைசி அடியைக் கொஞ்சம் தள்ளி, சாப்பிட்டு முடித்த பிறகும் இலையை மடிக்காமல் ஒரு கணம் உட்கார்ந்திருப்பதுபோல, காத்திருந்து வாசிக்க வேண்டும் என்று கண்டுபிடித்தது இவள். சார் எழுதிக் கொடுத்த தாளில் அது இல்லை. ஒத்திகையில் அதைக் கேட்டதும் தூணுக்கு அப்பால் தெரிந்த சாரின் கை ஒரு நொடி அசையாமல் நின்றது, மடங்கவும் இல்லை. அதை அபினேஷ் வாசிக்க மாட்டான். அவன் தாளில் உள்ளபடி வாசிப்பான், சரியாக இருக்கும், அந்தக் காத்திருப்பு மட்டும் இருக்காது, அது இல்லை என்பதே இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அதை நினைத்தபடியே உட்கார்ந்துவிட்டாள். கிட்டாரை மாட்டியபடியே போதகரின் நாற்காலியில் உட்கார்ந்தாள், தாடையில் இடிக்கிறதே என்று பெல்ட்டைத் தளர்த்தினாள், கிட்டார் வழக்கம்போலத் தொடையில் வந்து அமர்ந்தது, கைகள் தாமாகப் போய் அவற்றின் இடத்தில் நின்றன. நான்கு சுற்று. டும். வந்தது. இரண்டாவது. டும். வந்தது. பெல்ட் தோளில் தொளதொளவென்று கிடந்து கழுத்தில் உராய்ந்ததால், வேறெதையும் யோசிக்காமல், அது விறைக்கும்வரை நுனியை இழுத்துவிட்டாள். யாரோ கதவைத் தட்டியதுபோல இருந்தது. எழுந்து நின்றாள். கிட்டார் இறங்கவில்லை.

இறங்கவில்லை. அவள் நின்றிருந்தாள், கிட்டார் மட்டும் இன்னும் உட்கார்ந்திருந்தது. கதவைத் தட்டியவர் யாரும் இல்லை, தோரணம் கட்டுகிறவர்களின் ஏணிதான் சுவரில் இடித்திருக்கிறது. கெசியா மெல்ல உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள், எழுந்தாள். தொப்புளுக்கு மேலே, விலாவுக்குக் கீழே, கொசுவத்தைத் தொடாமல், தாடையை இடிக்காமல், கட்டிலில் உட்கார்ந்து வாசிக்கும் அதே இடத்தில் நின்றது. இவ்வளவுதானா? உட்கார்ந்து வாசிக்கும் இடம் நின்றாலும் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் உட்கார்ந்தபடியே பெல்ட்டை இழுத்துக் கட்ட வேண்டும், இதற்குப் பட்டப்படிப்பு எதற்கு? சுண்டுவிரல் நீண்டது. டும். காத்திருந்தாள், அந்தக் காத்திருப்பும் வந்தது. அறையில் தனியாக நின்று அவள் சிரித்தாள். அலமாரிக் கண்ணாடியில் சிரிப்பவளைப் பார்த்ததும்தான் அடுத்த பயம் வந்து கொக்கி போட்டது. பார்ப்பதற்கு இந்த உயரம் ஆகாது. போன வருடம் வேறொரு சபையிலிருந்து வந்து வாசித்தவர் கிட்டாரை ஏற்றிக் கட்டியிருந்தார். நன்றாகவே வாசித்தார். வாலிபர்கள் அவருக்கு வைத்த பெயர் 'நெஞ்சுவலி'. வைத்தவன் அபினேஷ். பின்வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு சிரித்தவர்களில் கெசியாவும் ஒருத்தி. இன்றைக்கு இந்த உயரத்தில் போய் நின்றால் அந்தப் பெயர் நாளைக்கே இடம் மாறி வந்துவிடும், நெஞ்சுவலியக்கா. கிட்டாரைக் கொஞ்சம் இறக்கினாள். சுண்டுவிரல் உடனே முறைத்தது. ஏற்றினாள். நெஞ்சுவலி. இறக்கினாள். டப். ஏற்றி இறக்கியதில் இன்னொன்றும் தெரிந்தது. பெல்ட்டின் மிச்சம் ஒரு முழத்துக்கும் மேலே, கொக்கியிலிருந்து வாலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முன்னால் விட்டால் கம்பியில் தட்டியது, பின்னால் விட்டால் திரும்பும்போது சுழன்று வந்தது, மடித்துச் செருகினால் நழுவியது. யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு கையை மடித்துவிட்டதுபோல, இது உன்னுடையது இல்லை, இல்லை என்று ஆடிக்கொண்டே இருந்தது.

அபினேஷ் தட்டாமலேயே உள்ளே வந்தான். முடி கொட்டித்தான் இருந்தது. வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்திருந்தான், இடது கை விரல்கள் தொடையில் ஏதோ தாளம் போட்டுக்கொண்டிருந்தன, அது நான்காவது பாட்டுத்தான் என்று கெசியாவுக்கு உடனே தெரிந்தது. எப்படி இருக்க, வேலை கிடைச்சுதா, அம்மா சுகமா என்று வரிசையாகக் கேட்டான், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சார் கேட்டுவரச் சொன்னார் என்றான். பாட்டெல்லாம் பெங்களூரிலேயே கேட்டுப் பழகிவிட்டுத்தான் வந்தேன், உனக்குக் கஷ்டமென்றால் நான் வாசித்துவிடுகிறேன் என்றும் சொன்னான். நல்லபடியாகத்தான் சொன்னான். சொல்லும்போது கண் அவள் விலாவில் நின்ற கிட்டாருக்குப் போனது. கெசியா காத்திருந்தாள். இப்போது வரும், அந்தப் பெயர். அவன் வாய் ஓரம் லேசாகத் துடித்தது. வெளியே மணி அடிக்கும் தாசையா செருப்பைக் கழற்றிப் போடும் சத்தமும், கோபுரப் படியில் ஏறும் சத்தமும் கேட்டன. மொத்தம் பதினெட்டுப் படி.

"நான் நின்னே வாசிக்கேன்ணே" என்றாள் கெசியா. குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது, நானூறு பேருக்குச் சொன்னதுபோல.

அவன் தொடையில் ஓடிய விரல்கள் நின்றன. முகம் ஒரு சுற்று வாடி, பிறகு தேறியது. சரி, நல்லதுதான் என்றான். சரி என்று சொன்னவன் போகவில்லை. கையை நீட்டி, தொங்கிய வாலைத் தொட்டுப் பார்த்தான். அவன் வைத்திருந்த நீளத்தில் கொக்கி வருடக்கணக்கில் அழுத்தியதில், அந்த வாரில் வெள்ளையாக ஒரு தடம் விழுந்திருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவினான்.

கெசியா மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். "இந்த மிச்சம் கம்பியில தட்டுது. வெட்டிரட்டுமா?"

வெட்டினால் அது இனி அவனுக்கு எட்டாது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மேலே தாசையா இருமினார், கயிற்றை அவிழ்க்கிறார்.

"பேசாம அஞ்சு விரல் விட்டு வெட்டு. ரொம்ப ஒட்ட வெட்டுனா உருவிரும்" என்றான் அபினேஷ்.

பிறகு வாலின் நுனியை இரண்டு கைகளாலும் பிடித்து விறைப்பாக இழுத்தான். கெசியா கொக்கியிலிருந்து ஐந்து விரல் அளந்து, வெட்டினாள்.